ஒரு தடுப்பு குறைந்த அலுமாரி

பாக்கியம்,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் அம்மாவின் வாயும் சுகமாக இருக்கிறது. வீட்டில் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று அதிலிருந்தே நீ தெரிந்துகொள்வாய். உன் அலுமாரி இன்று காலையில் வண்டியேறிவிட்டது. சாக்குப் போட்டுச் சுற்றி, மூலைகளுக்கு வைக்கோல் அடைத்து, வண்டிக்காரரிடம் மூன்று பேர் மூன்று விதமாகப் புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவிசாவளையில் ரயிலில் ஏற்றி, இரத்தினபுரியில் இறக்கி, அங்கிருந்து மறுபடி மாட்டு வண்டியில் நிவித்திகலைக்கு வரவேண்டும். கடிதத்தை அதன் கீழ்த் தட்டிலேயே வைத்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அலுமாரிக்கு முன்னால் கடிதம் வந்து சேர்வதுதான் நல்லது என்று தபாலில் போடுகிறேன். ஏனென்றால் கதவைத் திறந்ததும் நீ முதலில் பார்க்கப்போவது ஒரு குறையை.

மேல் தட்டில் சீசாக்களுக்காக வரிசையாகத் தடுப்புப் பலகைகள் நிறுத்தியிருக்கிறேன். அதில் நடுப் பலகை இல்லை. மேலேயும் கீழேயும் அது உட்காரவேண்டிய காடிப் பள்ளம் வெட்டியிருக்கிறது, சுத்தமாகவே வெட்டியிருக்கிறது, ஆனால் காடி காலி. வழியில் விழுந்துவிட்டது என்று வண்டிக்காரரைத் திட்டாதே. மாமாவுக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று மாப்பிள்ளையும் நினைக்கவேண்டாம். தெரிந்தேதான் விட்டேன். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். நான் எதையும் சுருக்கமாகச் சொல்லி நீ கேட்டதில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், "அப்பா, நீங்களும் அம்மாவும் வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க, அவரும் சொல்றாரு" என்று. ஸ்டோரில் வேலை கிடக்கிறது, இப்போது முடியாது என்று பதில் போட்டேன். வேலை கிடக்கிறதுதான். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தச்சனுக்கு எப்போதுதான் வேலை கிடக்கவில்லை? உன் அம்மா அந்தப் பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அவள் பாத்திரத்தை உருட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பதிலை நீ பாதி நம்பினால் போதும். மீதியை இந்தக் கடிதத்தில் எங்கேயாவது எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன். எழுதப் பழகாத விஷயம், பார்ப்போம்.

ஆஸ்பத்திரியில் இருக்கிற பழைய அலுமாரி மாதிரியே ஒன்று வேண்டும் என்று நீ கேட்டபோது நான் சிரித்தேன். அந்த அலுமாரியின் கதையை நீ உன் அம்மா வாயால்தான் கேட்டிருக்கிறாய். அவள் சொல்வதில் நான் கையில் கோடாலியோடு நிற்கிற ஒரு மடையன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் என் வாயால் ஒருமுறை நீ கேட்கவேண்டும். உன்னை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, யார் யாருக்கெல்லாம் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால், எந்தப் பக்கம் போனாலும் அந்த அலுமாரி முன்னால்தான் வந்து நிற்கிறேன்.

நீ கைக்குழந்தை. மலைக்குக் கீழே ஆற்றோரமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். அங்கே வந்த மருந்துக்கார ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், எல்லாம் நேர்த்தியாக இருக்கவேண்டும் அவருக்கு. சீசாக்கள் ஒன்றோடொன்று இடித்து உடைகின்றன, ஒட்டிய பேர்க் காகிதம் உரசி அழிந்துபோகிறது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஆசாரி, ஒவ்வொரு சீசாவுக்கும் ஒரு அறை வேணும். ஒண்டையொண்டு தொடப்படாது" என்றார். எனக்கு அப்போது வயது குறைவு, தலைக்கனம் கூடுதல். தொடுவதா, ஒன்றின் மூச்சுக்கூட மற்றதன் மேல் படாதபடி செய்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்துத் துரை கொடுத்த பலாப்பலகை அறுத்து அதிக நாள் ஆகாத பச்சைப் பலகை. நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காயவிடவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. தலைக்கு மேலே, ஸ்டோர் மாடியில், தேயிலைக் கொழுந்தைப் பரப்பிச் சூடான காற்று விட்டு ஓர் இரவில் துவள வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வாட்டின கொழுந்து மறுபடி பச்சையாவதில்லை. பலகையும் அப்படித்தான், ஒருமுறை வாட்டிவிட்டால் பிறகு அசையாது என்று முடிவு கட்டினேன். தேயிலைத் தோட்டத்துத் தச்சனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு புத்தி போயிருக்காது. ஸ்டோரைக் கவனிக்கிற டீமேக்கர் ஐயாவைக் கெஞ்சி, வாட்டும் தட்டுகளுக்கு மேலே உத்தரத்தில் பலகைகளை அடுக்கிவைத்தேன். சில வாரத்தில் எலும்பாய்க் காய்ந்துவிட்டன. தட்டினால் கணீரென்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது என்றால் பார்த்துக்கொள்.

காடி வெட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். பலகையின் குறுக்கே கத்தியால் இரண்டு கோடு கிழித்து, கோட்டின் உட்பக்கமாக அறுக்கும் வாளை இழுத்து, நடுவில் நிற்கிற மரத்தை உளியால் கோதி எடுக்கவேண்டும். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். அதில் தடுப்புப் பலகையின் விளிம்பு போய் உட்காரும். கையால் தள்ளினால் இறங்கவேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அதுதான் அளவு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையின் கனத்தைவிட மயிரிழை குறைவாகக் காடி வெட்டி, கொட்டாப்புளியால் அடித்து அடித்து இறக்கினேன். எல்லாத் தடுப்பையும் பின்பக்கத்திலிருந்து அப்படியே செருகி, முதுகுப் பலகையை அடித்து மூடினேன். மருந்துக்கார ஐயா ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. "நல்ல வேலை ஆசாரி" என்றார். அன்றைக்கு நான் லயத்து வீட்டுக்கு நடந்து வந்த நடையை உன் அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

பிறகு மழை பிடித்தது. தெரணியகலைப் பக்கத்து மழையை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. துணி காயாது, உப்பு கரைந்து ஓடும், அரிசிப் பானையில் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டோர் மாடியின் சூட்டில் கிடந்த என் பலகைகள் ஆற்றோரத்து ஈரத்தைக் கண்டதும் குடிக்கத் தொடங்கின. கொழுந்துக்கும் பலகைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது: பலகைக்குத் தாகம் போவதே இல்லை. ஒவ்வொரு தடுப்பும் மயிரிழை அளவுதான் பருத்தது. ஆனால் எத்தனை தடுப்பு! ஒவ்வொன்றும் தன் காடியைப் பிளக்கப் பார்க்க, மேல் பலகை வளைந்து, சட்டம் கோணி, பூட்டிய கதவு பூட்டியபடியே இறுகிப்போனது. சாவி திரும்புகிறது, கதவு வரமாட்டேன் என்கிறது.

அந்த மழையோடு காய்ச்சலும் வந்திருந்தது. ஆள் வந்து கூப்பிட, ஸ்டோரிலிருந்து நான் ஓடிப்போனபோது விறாந்தையில் ஒரு கூட்டம் கிண்ணமும் சிரட்டையுமாக உட்கார்ந்திருந்தது. மருந்துக்கார ஐயா வேர்த்து விறுவிறுத்து நின்றார். "என்ன ஆசாரி, இது அலுமாரியோ கல்லறையோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் எடுத்தபோதுதான் கூட்டத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்புக்குள் நீ. காலையில் நான் வேலைக்குப் போகும்போது லேசாகச் சுட்டுக்கொண்டிருந்தாய். இப்போது கண் மேலே செருகியிருந்தது. அழக்கூட இல்லை. நான் செய்த கதவு, நான் அடித்து இறுக்கிய தடுப்புகள், அதற்குப் பின்னால் உனக்கு வேண்டிய மருந்து. பாக்கியம், அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனது என்று இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கையிரண்டையும் வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. விறகுக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த கோடாலியை எடுத்துவிட்டேன்.

உன் அம்மாதான் கத்தினாள். "கோடாலியக் கீழ போடுங்க! கதவுக்குப் பின்னாடியே சீசா நிக்குது, ஒரு போடு போட்டா மருந்தெல்லாம் தரையில ஓடும்" என்றாள். "பின்னால போயி நடுவுல ஒண்ண உருவுங்க. ராத்திரி நம்ம காம்பராவுல ஒருத்தரு எந்திரிச்சு வெளிய போனா மத்தவங்களுக்கு மூச்சு வருதில்ல? அப்பிடித்தான்" என்றாள். அப்போது என் தம்பி குடும்பமும் நம்மோடு லயத்தின் ஒரே காம்பரா அறையில். சுவரிலிருந்து சுவர் வரை வரிசையாகப் படுப்போம். ஒருவர் புரள நினைத்தால் வரிசையே புரளவேண்டும். நடுவில் ஒருவர் எழுந்து போனால் அத்தனை பேரும் தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டு அகலுவோம். அதைத் தினமும் அனுபவித்தவன் நானும்தான். ஆனால் அலுமாரிக்கும் அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. இடுப்பில் நெருப்பாய்ச் சுடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அவளுக்குத் தோன்றியது.

வரிசையில் இருந்த ஆண்கள் எழுந்துவந்தார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். சீசா ஒன்றும் சாயாதபடி அலுமாரியை நிமிர்த்தியவாறே தூக்கிச் சுவரிலிருந்து விலக்கிக் கொடுத்தார்கள். முதுகுப் பலகையைப் பெயர்த்தேன். நடுத்தடுப்பை இழுத்தால் வருமா? வராது. நார் வழியே உளியை வைத்துப் பிளந்து, சிராய் சிராயாக எடுத்தேன். பாதிப் பலகை போயிருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம். மேல் பலகை தன் இடத்தில் உட்கார்ந்தது. முன்பக்கம் கதவு தானாக ஒரு விரல் அகலம் திறந்தது. நான் எழுந்து முன்னால் வருவதற்குள் மருந்துக்கார ஐயாவின் கை உள்ளே போய்விட்டது.

வரிசையில் முதலாவதாக நின்றது வேறு ஒரு பெண். தோட்டத்தின் மலைமேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து இறங்கி வந்தவள். அவள் இடுப்பிலும் ஒரு பிள்ளை சுட்டுக்கொண்டுதான் இருந்தது. மருந்துக்கார ஐயா அளவுக் கிண்ணத்தோடு அவள் பக்கம் திரும்பியபோது, "மொதல்ல அந்தப் புள்ளைக்கு ஊத்துங்க ஐயா, எம்புள்ள அழுகுது, அது அழுகக்கூட இல்ல" என்றாள். அவள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. பிறகு தேடிப் போனபோது அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. அவள் பிள்ளையும் பிழைத்தது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ எந்தத் தோட்டத்தில் எந்த வரிசையில் நின்றாலும் உனக்குப் பின்னால் நிற்பவள் கையைப் பார். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தியில் இதைவிடப் பெரியது ஒன்றும் என்னிடம் இல்லை.

மருந்துக்கார ஐயா என்னைப் பற்றித் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றபோது, "புது மருந்துத் தராசு வருகுது, அதுக்கு அகலமாய் ஒரு இடம் வேணுமெண்டு யோசிச்சனான். இப்ப இடம் வந்திட்டுது" என்றார். அவ்வளவுதான். நடுவில் இரண்டு அறை ஒன்றாகி, அதில் தராசு ஏறியது. மற்றத் தடுப்புகளை எல்லாம் நான் வெளியே எடுத்து, மழை முடிந்த பிறகு நிதானமாக இழைத்து, கையால் தள்ளினால் இறங்குகிற அளவுக்குப் பொருத்திக் கொடுத்தேன். அந்தக் காலிக் காடியை மட்டும் மூடவில்லை. மூட மனம் வரவில்லை. நீ உயிரோடு இருப்பதற்குச் சாட்சி மாதிரி அது அங்கே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காடிதான் உனக்குக் கல்யாணமும் பண்ணிவைத்தது என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா? அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்கப் போனாய். புதிதாக உதவிக்கு வந்திருந்த பையன், "ஏங்க, இதுல மட்டும் ஒரு பலகை இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். நீ சீசாவைக் கையில் வைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாய்; விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் அம்மாவுக்கு இருமல் இல்லாமலே மருந்து வாங்கக் கிளம்பினாய். "எனக்கில்லாத இருமலுக்கு இவ எதுக்கு மருந்து வாங்குறா?" என்று உன் அம்மா என்னைக் கேட்டபோது நான் உளி தீட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நல்ல மனிதர் மாப்பிள்ளை, இப்போது நிவித்திகலையில் அவரே மருந்துக்கார ஐயா. பலகை இல்லாத இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

கல்யாணப் பேச்சு வந்த அன்றே உனக்கு மரம் தேடத் தொடங்கினேன். தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துத் தச்சர் அப்புஹாமி பாஸை உனக்குத் தெரியும், நானும் அவரும் ஸ்டோர்க் கூரையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் தோட்டத்தில் ஒரு பழைய பலா விழுந்து கிடந்தது. விலை பேசப் போனால் மனிதர் கோபித்துக்கொண்டார். "அபே துவட்ட நே! நம்ம பொண்ணுக்குத்தானே ஆசாரி, என்ன வெல?" என்றார். அவரே அறுத்து, அவருடைய கொட்டகையில் பலகைக்குப் பலகை குச்சி வைத்து அடுக்கி, வருஷம் திரும்பும் வரை பார்த்துக்கொண்டார். ஸ்டோர் மாடிப் பக்கம் அது போகவே இல்லை. டீமேக்கர் ஐயா இப்போது வேறு ஆள்தான், ஆனாலும் என்னைப் பார்த்து, "என்ன ஆசாரி, பலகைய மேல வாட்டலியா?" என்று கேட்கிறார். இந்தத் தோட்டத்தில் ஆள் மாறும், கதை மாறாது.

வேலை சுலபமாக இல்லை. கிட்டத்தில் பார்த்தால் கண் மங்குகிறது எனக்கு. கத்தியால் கிழித்த கோடு இருக்கிற இடம் தெரிவதில்லை. மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, இரண்டுக்கும் குறுக்கே ஒரே இழுப்பில் கோடு கிழித்தால்தான் மேல் காடியும் கீழ்க் காடியும் நேருக்கு நேர் நிற்கும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோட்டின் முனையில் நகத்தை வைத்துக் காட்டினாள். "இங்க. இன்னுங் கொஞ்சம். நில்லுங்க, நில்லுங்கன்னு சொல்றேன்ல, கோட்டத் தாண்டிட்டீங்க!" என்பாள். நான், "நீ நகத்த எடுத்துட்ட" என்பேன். வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது காடியில் ஒரு சின்ன வடு இருக்கும், தடவிப் பார். அது நாங்கள் சண்டை போட்ட இடம். அதைச் சரிசெய்யலாம் என்றேன், அவள்தான் இருக்கட்டும் என்றாள்.

கீழ்ப் பெட்டியில் உன் நூல், ஊசி, பொத்தான், மஞ்சள், சீரகம் என்று நீ எதையெதையோ வைக்கப்போகிறாய் என்பதால் அங்கே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பலகை கோத்திருக்கிறேன். ஒன்றின் வெட்டு மேலிருந்து பாதி, மற்றதன் வெட்டு கீழிருந்து பாதி. ஒன்றுக்குள் ஒன்று இறங்கினால் இரண்டும் சமமாக உட்காரும். ஆணியும் இல்லை, வச்சிரப் பசையும் இல்லை. வேண்டாத நாளில் அப்படியே தூக்கி வெளியே எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். இந்த இடத்தில் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறேன் என்று நீ உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாய். சொல்லமாட்டேன். சரி, ஒன்றே ஒன்று. பாதிக்குக் குறைவாக வெட்டினால் ஒன்றின் மேல் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், அது தெரிந்ததுதான். ஆனால் பாதிக்கு மேல் வெட்டினால் அந்த இடத்திலேயே ஒடியும். நீ விட்டுக்கொடுக்கிற பெண். சின்ன வயதிலிருந்தே தம்பிகளுக்கு உன் பங்கைக் கொடுத்துவிட்டுப் பசிக்கவில்லை என்பாய். அதனால் மாப்பிள்ளைக்கு அல்ல, உனக்குத்தான் சொல்கிறேன்: பாதி போதும் அம்மா.

வந்த வீட்டில் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே இறுக்கிப் பொருத்தவும் வேண்டாம். அந்த ஊர் மழையை முதலில் பார்க்கவேண்டும். யார் எப்போது பருப்பார்கள், யார் எப்போது சுருங்குவார்கள் என்று ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகுதான் தெரியும். நான் இதைக் கற்றுக்கொண்டதற்கு நீ கொடுத்த விலை பெரிது, அதனால் உனக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

இனி காலியாக வருகிற காடிக்கு வருகிறேன். நான் போட்ட கணக்கு இதுதான். அலுமாரி நிவித்திகலையில் ஒரு மழைக்காலம் நிற்கட்டும். அந்த ஊர் ஈரத்தை அது குடித்து முடித்த பிறகு, நடுத்தடுப்பை அங்கேயே வைத்து இழைத்துப் பொருத்தவேண்டும். அதற்குத் தச்சன் வரவேண்டும். வேறு எவனையாவது கூப்பிட்டு அதில் கை வைக்கவிடாதே. நான் கருவிப் பையோடு வருவேன். நடுத்தடுப்பு இங்கே என் வேலைப் பலகைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

இதைப் பெருமையாக நேற்று அப்புஹாமி பாஸிடம் சொன்னேன். சாக்குச் சுற்ற வந்திருந்தார். வாயில் வெற்றிலையோடு தொங்குகிற பலகையைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லேல்ல மெஹே, அல்மாரிய எஹே. கொஹொமத ஆசாரி? பலகை இங்க, அலுமாரி அங்க. அந்த ஊர்த் தண்ணி குடிக்கணும்னா பலகையும் அங்கதானே இருக்கணும்?" என்றார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து, என் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார். இத்தனை வருஷம் தச்சு வேலை செய்தவன் சொல்லக்கூடிய காரணமா அது?

அதனால் பாதி சொன்ன பதிலின் மீதியை இப்போது எழுதுகிறேன். வேலைக்கு அல்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நான் போனதே குறைவு. துரை பங்களாவுக்கும் கிளாக்கர் ஐயா வீட்டுக்கும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலால் போயிருக்கிறேன், குனிந்து வேலையைப் பார்த்திருக்கிறேன், வந்திருக்கிறேன். உன் வீட்டில் முன்வாசலால் வரச்சொல்லி, நாற்காலி போட்டு, மாப்பிள்ளை எதிரில் உட்காருவார். பையில்லாமல் வந்தால் என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. நம் மருந்துக்கார ஐயாவின் மாமனார் இப்படி இருக்கிறாரே என்று உன் பக்கத்து வீட்டார் ஒருவர் நினைத்தாலும் அது உனக்குக் குறையாகிவிடுமோ என்று பயம். இதுதான் ஸ்டோரில் கிடந்த வேலை. அதற்காகத்தான் ஒரு பலகையை உருவி வைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு காம்பராவில் இடம் வந்திருக்கிறது, பாக்கியம். தம்பிகள் வளர்ந்துவிட்டார்கள், காலை நீட்டினால் சுவரில் இடிப்பார்கள். நீ போனால் தாராளமாகப் படுக்கலாம் என்று உன்னைக் கேலி செய்தார்களே, நினைவிருக்கிறதா? இப்போது ஒருவனும் அந்த இடத்துக்குப் புரண்டு வரவில்லை. முன்பு படுத்த மாதிரியே ஒடுங்கிப் படுக்கிறார்கள். உன் அம்மா அந்தப் பக்கமாகத் திரும்பி, பாயில் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர்களுக்கு மூச்சு வரும் என்று சொன்னவள் அவள்தான். உன்னைப் பிழைக்க வைத்த பேச்சு அது, அதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? நல்ல இடத்துக்குத்தான் எழுந்து போயிருக்கிறாய். நீ அங்கே நிம்மதியாக இருப்பதை நினைத்தால் எங்களுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. கடவுளுக்கும், அந்தப் பேர் தெரியாத பெண்ணுக்கும், மருந்துக்கார ஐயாவுக்கும், பாஸுக்கும், உன்னைப் பெற்றவளுக்கும் நான் தினமும் கும்பிடு போடுகிறேன். ஆனால் இந்த இடம் மட்டும் எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். காடி வருகிற இடமெல்லாம் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "காடி, பலகைன்னு எதுக்குங்க இம்புட்டுத் தூரம் சுத்துறீங்க? புள்ளயப் பாக்கணும் போல இருக்கு, வர்றோம்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

கருவிப் பையை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன். பலகையை மட்டும் கையில் கொண்டுவருகிறேன்.

உன் அப்பா